பருவத்துக்கு வந்த பெட்டை, பக்கத்தில் காயடித்த குதிரை: அல்ட்ரெனோஜெஸ்ட் கரைசல் எவ்வளவு தூரம் உதவும்?

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்யும் மருந்து இது. வாங்குகிறவர்களில் பலருக்கு அந்த வேலையே தேவைப்படுவதில்லை என்பதுதான் சிக்கல். பெட்டை உதைக்கிறது, கீச்சிடுகிறது, காயடித்த குதிரை அதன் பின்னாலேயே அலைகிறது என்றதும் "ஹார்மோன்" என்று முடிவுகட்டி பாட்டிலைத் தேடினால், நூறு நாள் மருந்து தீர்ந்த பிறகும் லாயத்துத் தடுப்பு உடைந்தே கிடக்கும்.

அல்ட்ரெனோஜெஸ்ட் என்பது உடலில் புரோஜெஸ்டிரோன் செய்யும் வேலையைச் செய்யும் செயற்கை ஹார்மோன். எண்ணெயில் கரைத்து, மில்லிக்கு 2.2 மில்லிகிராம் அடர்த்தியில், வாய்வழிக் கரைசலாக வருகிறது. ரெகுமேட் என்ற பெயர்தான் குதிரைக்காரர்களிடம் அதிகம் புழங்குகிறது. வேறு பெயர்களில் வருபவற்றில் அடர்த்தி அதேதானா என்று லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அளவுக் கணக்கு முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. கால்நடை மருத்துவரின் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து. இனச்சேர்க்கைக்கு நாள் குறிக்கவும் இதைக் கொடுப்பார்கள். அந்தப் பயன் இங்கே பேச்சில்லை. பெட்டையும் காயடித்த குதிரையும் ஒரே இடத்தில் வாழ வேண்டிய வீடுகளுக்கு இது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதை மட்டும் பார்ப்போம்.

அது பருவம்தானா?

பெட்டைக் குதிரையின் சுற்று ஏறத்தாழ 21 நாள். அதில் 5 முதல் 7 நாள்தான் பருவம். மீதி இரண்டு வாரமும் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடலம் புரோஜெஸ்டிரோனைச் சுரந்து, "கிட்டே வராதே" என்ற மனநிலையிலேயே அதை வைத்திருக்கும். பருவம் முடிய ஓரிரு நாள் இருக்கும்போதுதான் முட்டை வெளியேறும். ஆகவே கடைசி நாட்களில் அறிகுறிகள் உச்சத்துக்குப் போய், சட்டென்று அடங்கிவிடும்.

பருவத்தின் உண்மையான அடையாளம் இணக்கம். வாலைத் தூக்கி ஒரு பக்கம் ஒதுக்கும். பின்னங்கால்களை அகட்டி இடுப்பைத் தாழ்த்தும். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சிறுநீர் விடும். சிறுநீர் விடாத நேரத்திலும் பிறப்புறுப்பின் உதடுகள் திறந்து மூடித் துடித்துக்கொண்டிருக்கும். காயடித்த குதிரையின் பக்கமாகப் புட்டத்தைத் திருப்பி வேலியில் சாய்ந்து நிற்கும். காதுகள் பக்கவாட்டில் தளர்ந்திருக்கும்.

காதைப் பின்னுக்கு மடித்து, வாலைச் சாட்டைபோல் விசிறி, கீச்சிட்டு உதைக்கும் பெட்டை பெரும்பாலும் பருவத்தில் இல்லாத பெட்டை. இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். உதைக்கும் நாளில் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோனைப் பார்க்கச் சொல்லுங்கள். மில்லிக்கு 1 நானோகிராமுக்கு மேல் இருந்தால் மஞ்சள் உடலம் வேலை செய்துகொண்டிருக்கிறது, அது பருவம் இல்லை. ஏற்கெனவே புரோஜெஸ்டிரோன் நிரம்பிய உடலில் அதைப்போன்ற இன்னொன்றை ஊற்றி என்ன ஆகப்போகிறது?

இன்னொரு குழப்பம், பயந்த பெட்டை. தன்னைவிட வலிய குதிரை நெருங்கும்போது சில பெட்டைகள் உடலைக் குறுக்கி, வாலைத் தூக்கிச் சிறுநீர் விடும். பார்வைக்கு அப்படியே பருவம்தான். ஆனால் 21 நாள் கணக்கில் வராது. அந்தக் குறிப்பிட்ட குதிரை வரும்போதெல்லாம் வரும்.

ஆகவே மருந்துக்கு முன் ஒரு நோட்டும் இரண்டு மாதப் பொறுமையும் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், காயடித்த குதிரையை வேலிக்கு அப்பால் இரண்டு நிமிடம் நிறுத்தி, மூன்று விஷயங்களை எழுதுங்கள்: வால், சிறுநீர், காது. சேணம் போடும்போது எப்படி இருந்தது என்பதைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள். இரண்டு கட்டங்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் ஹார்மோன் கதை நம்பும்படி இருக்கிறது. சேணக் கட்டம் மட்டும் மாதம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் இரைப்பைப் புண், முதுகுவலி, பொருந்தாத சேணம், நொண்டல் என்று தேட வேண்டிய வரிசை வேறு.

பருவகாலத் தொடக்கத்தையும் கணக்கில் எடுங்கள். பெட்டைக் குதிரை பகல் நீளும்போது சுற்றுக்கு வரும் பிராணி. குளிர்கால ஓய்விலிருந்து சுற்றுக்கு வரும் இடைக்காலத்தில் முட்டைப்பைகள் (சினைப்பைக்குள் முட்டையைச் சுமக்கும் நீர்க்குமிழ்கள்) வளரும், வெடிக்காது. மஞ்சள் உடலம் இல்லை, புரோஜெஸ்டிரோனும் இல்லை. விளைவு, வாரக்கணக்கில் இழுக்கும் ஒழுங்கற்ற பருவம். காயடித்த குதிரை உள்ள லாயத்தில் ஆண்டிலேயே சிரமமான காலம் இதுதான். முதல் முட்டை வெளியேறியதும் பலவும் தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். (பூமத்திய ரேகையை ஒட்டிய இடங்களில் பகல் அளவு பெரிதாக மாறாததால் ஆண்டு முழுக்கச் சுற்று ஓடலாம், இரவில் வெகுநேரம் விளக்கெரியும் லாயத்திலும் கணக்கு மாறும்.)

பருவம் அடங்கவே இல்லை, அல்லது பெட்டை பொலிக்குதிரைபோல மற்றப் பெட்டைகளைத் துரத்துகிறது, கழுத்து தடிக்கிறது என்றால் மருந்தைத் தொடாதீர்கள். சினைப்பையில் கிரானுலோசா செல் கட்டி இருக்கலாம். ஸ்கேனில் ஒரு சினைப்பை பெருத்தும் மற்றது சுருங்கியும் தெரியும். இன்ஹிபின், ஆன்ட்டி முல்லேரியன் ஹார்மோன் அளவுகள் உறுதி செய்யும். தீர்வு அறுவைதான்.

பாட்டில் எட்டாத ஆள்

இந்த மருந்துக்குப் பெட்டையை மட்டும்தான் தெரியும். காயடித்த குதிரையின் தலைக்குள் இருப்பதை அது தொடாது.

காயடித்தால் டெஸ்டோஸ்டிரோன் சில நாட்களிலேயே விழுந்துவிடும். ஆனால் குதிரையின் நடத்தை முழுக்க அந்த ஹார்மோனில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. காயடித்தவற்றில் கணிசமானவை பெட்டையை மேய்க்கும், மேல் உதட்டைச் சுருட்டிச் சிறுநீரை முகரும், ஏறவும் செய்யும். சில முழுமையாகப் புணரவே முயலும். சின்ன வயதில் காயடித்தவையும் இதற்கு விலக்கில்லை. "விதையில் கொஞ்சம் விட்டுவிட்டார்கள்" என்று மருத்துவர்மேல் பழிபோடுவது குதிரைக்காரர்களின் பழைய பழக்கம். விந்துநாளச் சுருளில் ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் அது டெஸ்டோஸ்டிரோன் சுரக்காது. வயிற்றுக்குள் ஒரு விதை இறங்காமல் தங்கியிருந்தால் மட்டும் கதை வேறு. சந்தேகம் இருந்தால் டெஸ்டோஸ்டிரோன், ஆன்ட்டி முல்லேரியன் ஹார்மோன் இரண்டையும் இரத்தத்தில் பார்த்துவிடலாம். புதிதாகக் காயடித்த குதிரையைச் சில வாரங்களுக்குப் பெட்டையிடம் விடக்கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். நாளத்தில் மிச்சமிருக்கும் விந்து போதும்.

ஏறும் குதிரையை "விளையாட்டு" என்று விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெட்டைக்குப் பிறப்புறுப்பில் சிராய்ப்பும் தொற்றும், கழுத்தில் கடிகாயமும் வரும். பெட்டை மனம் மாறி உதைத்தால் ஆணுக்கு அடி விழும் இடம் மிக மோசமான இடம். மருந்தால் பெட்டை அழைப்பதை நிறுத்தினால் பல காயடித்த குதிரைகள் தாமாக ஆர்வம் இழக்கும். சில இழக்காது. அழைப்பு இல்லாவிட்டாலும் கழுத்தைத் தாழ்த்தி, காதை மடித்து, பெட்டையைப் பட்டியின் மூலைக்கு ஓட்டிக்கொண்டே இருக்கும் குதிரைக்குத் தனிப் பட்டிதான் மருந்து.

அளவு

லேபிள் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.044 மில்லிகிராம், நாளுக்கு ஒருமுறை. 2.2 மில்லிகிராம் கரைசலில் இது 50 கிலோவுக்கு 1 மில்லி. 450 கிலோ பெட்டைக்கு 9 மில்லி, 500 கிலோவுக்கு 10. ஒரு லிட்டர் பாட்டில் 500 கிலோ பெட்டைக்கு 100 நாள் வரும். சிந்துவது, சிரிஞ்சில் ஒட்டுவது போக 97, 98 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். நாடா எடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, மூச்சை விட்ட நேரத்தில். தோள் முனையிலிருந்து புட்ட முனைவரை நீளம். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. சுற்றளவில் பத்து சென்டிமீட்டர் பிசகினால் விடையில் ஐம்பது கிலோ ஆடும். அதாவது ஒரு மில்லி. நாடாவை இரண்டுமுறை பிடிக்கும் சிரமத்துக்கு ஈடுண்டு.

பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். பெரும்பாலான பெட்டைகள் மூன்றாம் நாளுக்குள் பருவ அறிகுறிகளை நிறுத்திவிடும். நாளைக்குப் பயணம், இன்றைக்கு ஆரம்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். நிறுத்தும் நாளும் முக்கியம்: கடைசி வேளைக்குப் பிறகு நான்கைந்து நாளில் பருவம் வரும், அதுவும் சிலவற்றில் பலமாக வரும். மருந்து தீர்ந்த நாளிலிருந்து ஐந்தாம் நாள் புதுக் காயடித்த குதிரையோடு ஒரே வண்டியில் ஏற்றும் திட்டம் இருந்தால், திட்டத்தை மாற்றுங்கள்.

ஒரே நேரத்தில், ஒரு நாளும் விடாமல். நீண்ட மருந்தில் பழுது வருவது பெரும்பாலும் இங்கேதான். திங்கள் முதல் வெள்ளிவரை ஒருவர், சனி ஞாயிறு இன்னொருவர் என்று கைமாறும் லாயத்தில் ஞாயிறு விடுபடும். செவ்வாய் பெட்டை வாலைத் தூக்கும். "மருந்து வேலை செய்யவில்லை" என்ற பெயர் மருந்துக்கு. கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்தவர் நேரத்தோடு கையெழுத்துப் போடும் ஏற்பாடு இதற்குப் போதும்.

பாட்டிலும் சிரிஞ்சும்

மருந்துக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை உருப்படியின் அமைப்புக்குக் கொடுக்க முடியவில்லை. மஞ்சள் சாயலுள்ள எண்ணெய், ஒழுகுவதற்கென்றே பிறந்தது. சிரிஞ்சு பொருந்தும் மூடியோடு வரும் பாட்டில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சிரிஞ்சைச் செருகி, பாட்டிலைக் கவிழ்த்து, மெதுவாக இழுத்து, நிமிர்த்திய பிறகே கழற்ற வேண்டும். கவிழ்ந்த நிலையில் கழற்றினால் இரண்டு மில்லி மணிக்கட்டில் வழியும். அந்த இரண்டு மில்லி குதிரைக்கு நூறு கிலோவுக்கான அளவு. உங்கள் எடையை நினைத்துப் பாருங்கள்.

சாதாரண ஒருமுறைச் சிரிஞ்சின் ரப்பர் முனை எண்ணெயில் ஊறி உப்பும். இரண்டாம் மூன்றாம் நாளில் தள்ளுதண்டு இறுகி, அழுத்தி அழுத்தி ஒரேயடியாகப் பாய்ந்து, குதிரையின் வாய்க்குப் பதிலாகச் சுவரில் போய் விழும். எண்ணெய் தாங்கும் சிரிஞ்சு, அல்லது தினம் ஒரு புதிய சிரிஞ்சு. நுனியில் ஊசி இருக்கவே கூடாது என்று எழுதுவது அபத்தமாகத் தெரியலாம், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

கொடுக்கும் முறை எளிது. வாயில் தீனி மிச்சமில்லாமல் பார்த்து, தலைக்கயிற்றைப் பிடித்து, கடிவாளம் படியும் பல்லில்லாத இடைவெளி வழியாகச் சிரிஞ்சைச் செருகி, நாக்கின் பின்வேரை நோக்கி மெதுவாகத் தள்ள வேண்டும். தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து விழுங்கும்வரை காத்திருங்கள். விட்டவுடன் தலையை உதறி நுரையோடு துப்பும் பெட்டை எவ்வளவு விழுங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலும் ஒரு வேளை கொடுத்துச் சரிக்கட்டாதீர்கள்.

வாயைத் தொடவிடாத பெட்டைக்குத் தீனியில் கலக்கலாம். ஆனால் முழு வாளியில் அல்ல, இரண்டு கைப்பிடித் தீனியில். அதைத் தின்று முடித்த பிறகுதான் மீதித் தீனி. பக்கத்தில் நிற்கும் காயடித்த குதிரையை மறந்துவிடக் கூடாது. பெட்டை பாதி தின்று விலக, அது வந்து வாளியை நக்கிவிடும். பெட்டைக்கு அளவு குறையும். போட்டிக்குப் போகும் காயடித்த குதிரையானால் தடைசெய்த மருந்து அதன் உடம்பில் ஏறிவிடும். மருந்து வாளிக்கு நிறம் வேறாக இருக்கட்டும், மூடிய அறையில் கொடுங்கள், காலி வாளியை நீங்களே எடுத்துக் கழுவுங்கள்.

வைக்கும் இடம் 25 டிகிரிக்கு மேல் போகாத இடமாக இருக்க வேண்டும். தகரக் கூரை போட்ட சேண அறை அந்த இடம் அல்ல.

கொடுப்பவரின் கை

இந்த உருப்படியில் நான் அதிகம் குறை காண்பது மருந்தை அல்ல, அதைக் கையாளும் அலட்சியத்தை. அல்ட்ரெனோஜெஸ்ட் தோல் வழியே நேராக உள்ளே போகும். கர்ப்பிணிகளும், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களும் இதைத் தொடவே கூடாது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். மாதவிடாய் தவறும், வயிற்றில் இழுத்துப் பிடிக்கும், தலைவலி வரும். இரத்தக்கட்டு நோய், மார்பகப் புற்று, ஈஸ்ட்ரோஜன் சார்ந்த கட்டி, காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களும் விலக வேண்டும். ஆண்களுக்கு ஒன்றுமில்லை என்பதும் பொய், ஆசை மங்கும். லாயத்தில் உதவிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தச் சிரிஞ்சைக் கொடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

நைட்ரைல் அல்லது வினைல் கையுறை. துணிக் கையுறை வேண்டாம். ஓட்டை விழுந்த கையுறை கையுறையே இல்லாததைவிட மோசம். எண்ணெயைத் தோலோடு சேர்த்துப் பொத்தி வைத்து உறிஞ்சுவதைக் கூட்டிவிடும். கழற்றும்போது உள்பக்கம் வெளியே வரும்படி உருவுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்பும் தண்ணீரும். கண்ணில் பட்டால் கால்மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கொடுத்த கையுறையோடு கதவுத் தாழ்ப்பாள், தலைக்கயிறு, பாட்டிலின் வெளிப்பக்கம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, பிறகு கையுறையைக் கழற்றி அதே பாட்டிலை வெறுங்கையால் அலமாரியில் வைப்பார்கள். சிரிஞ்சு நிரப்பியதும் பாட்டிலைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு அப்புறம் குதிரையிடம் போவது என்று வரிசையை மாற்றினாலே பாதி ஆபத்து போய்விடும்.

எங்கே தோற்கும்

கருப்பையில் தொற்று உள்ள, அல்லது முன்பு இருந்த பெட்டைக்கு இதைக் கொடுக்கக்கூடாது. புரோஜெஸ்டிரோன் வகை மருந்துகள் கருப்பை வாயை இறுக்கி, கருப்பை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வேலையை மந்தமாக்கும். உள்ளே இருக்கும் கிருமிக்கு அது வசதி. ஆரம்பிக்கும் முன் ஒரு ஸ்கேன் கேட்பது அதிகப்படி அல்ல.

முட்டைப்பை வளர்வதை இது முழுமையாக நிறுத்தாது. மருந்து ஓடும்போதே சில பெட்டைகளில் முட்டை வெளியேறும். முட்டை வெளியேறும் ஒன்றிரண்டு நாட்களில் விலாப்பக்கம் தொட்டால் சுருங்கும் வலி உள்ள பெட்டைக்கு, வெளி அறிகுறி அடங்கினாலும் வலி அடங்காமல் போகலாம். சவாரியில் விலாவில் கால் அழுத்தினால் முதுகை வளைக்கும் பெட்டை அப்படியே இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம்.

இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்து, குணம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் சினைப்பைக்கும் அந்தக் குணத்துக்கும் தொடர்பில்லை என்று ஏறத்தாழ முடிவுகட்டலாம். மாறினால் அதுவும் முழு நிரூபணம் ஆகாது, ஏனெனில் இவ்வகை மருந்துகளுக்குப் பொதுவாகவே சற்று அமைதிப்படுத்தும் குணம் உண்டு. சோதனை முடிவை நாட்குறிப்போடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

போட்டிக் குதிரை வைத்திருப்பவர்கள் விதியை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்க்க வேண்டும். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் பருவ நடத்தைக்காகப் பெட்டைகளுக்கு உரிய படிவத்தோடு இதை அனுமதித்து வந்திருக்கிறது; காயடித்தவற்றுக்கும் பொலிக்குதிரைகளுக்கும் அனுமதி இல்லை. இவ்வகைத் தயாரிப்புகளில் டிரெண்டியோன் போன்ற தடைசெய்த ஸ்டீராய்டுகள் மிகச் சிறிய அளவில் கலந்திருப்பது தெரியவந்த பிறகு பந்தய அமைப்புகளும் எச்சரிக்கை விட்டிருக்கின்றன. எந்தத் தொகுதி எண் பாட்டில் என்று குறித்து வையுங்கள்.

போட்டிக்கு நிற்கும் மற்றவை

பருவத்து "மூட்" பொடிகள். ராஸ்பெர்ரி இலை, நொச்சி இனத்தைச் சேர்ந்த வைடெக்ஸ் பழம், மக்னீசியம் என்று கலவை கலவையாக வரும். சினைப்பைச் சுற்றை நிறுத்தும் வலு எதற்கும் கிடையாது. தீனியில் மக்னீசியம் உண்மையிலேயே குறைவாக இருந்த குதிரைக்கு மக்னீசியம் உதவலாம், அது வேறு கதை. இயற்கைச் சரக்கு என்பதால் போட்டி விதி அனுமதிக்கும் என்றும் ஆகாது. டப்பா அழகாக இருக்கும்.

கருப்பைக்குள் கண்ணாடிக் கோலி. கிருமி நீக்கிய 35 மில்லிமீட்டர் கோலியை முட்டை வெளியேறியதும் வைத்தால், ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பெட்டைகளில் மூன்று மாதம்வரை பருவம் தள்ளிப்போகும். வேலை செய்யும் விகிதமே பாதிக்குக் கீழே. உள்ளே உடைந்த கோலிகளையும், பழைய உரிமையாளர் வைத்தது தெரியாமல் அடுத்தவர் வைத்த இரண்டாம் கோலியையும் மருத்துவர்கள் எடுத்திருக்கிறார்கள். வேண்டாம்.

ஆக்சிடோசின் ஊசி இவற்றில் நியாயமான மாற்று. முட்டை வெளியேறிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள்வரை தினம் ஒருமுறை 60 யூனிட் தசையில் போட்டால், மஞ்சள் உடலம் கரையாமல் நின்று, கணிசமான பெட்டைகளில் ஒரு மாதத்துக்கும் மேலாகச் சொந்தப் புரோஜெஸ்டிரோனே பருவத்தைத் தடுக்கும். எட்டு ஊசி, அதன் பிறகு நீண்ட ஓய்வு. தினமும் எண்ணெயோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பெண்கள் மட்டுமே வேலை பார்க்கும் லாயத்துக்கு இதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். முட்டை வெளியேறிய நாள் தெரிய ஸ்கேன் வேண்டும், தினமும் ஊசியைப் பொறுத்துக்கொள்ளும் பெட்டை வேண்டும்.

மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசி மனிதர்களுக்கு வேலை செய்வதால் குதிரைக்கும் என்று போடுவது இன்னும் நிற்கவில்லை. முறையாகச் சோதித்தபோது அது பெட்டைகளின் பருவத்தை நிறுத்தவில்லை. மாட்டின் காதுத் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் துகள்களும் அப்படியே.

ஜிஎன்ஆர்எச் (சினைப்பையை இயக்க மூளை சுரக்கும் ஹார்மோன்) தடுப்பூசி, நான்கு வார இடைவெளியில் இரண்டு. சினைப்பையை மாதக்கணக்கில் உறங்க வைக்கும். ஊசி போட்ட இடம் வீங்கும், கழுத்து விறைக்கும். கருத்தரிக்கும் திறன் எப்போது திரும்பும் என்று நாள் சொல்ல முடியாது. குட்டி போட வைக்கும் எண்ணமுள்ள பெட்டைக்குக் கூடாது. சினைப்பையை அறுத்து எடுப்பது கடைசிக் கதவு. அதைத் திறந்த பிறகும் சில பெட்டைகள் பருவத்து நடத்தையைக் காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் அடக்கி வைக்கும் புரோஜெஸ்டிரோனும் சினைப்பையோடு போய்விட்டது. கட்டி இருந்தால் ஒழிய இதற்கு நான் கைதூக்க மாட்டேன்.

பாட்டிலோடு சேர்த்து வாங்க வேண்டியவை

வேலி. பருவத்துப் பெட்டை வேலியில் புட்டத்தைச் சாய்த்து நிற்கும், திடீரென்று இரண்டு பின்னங்காலாலும் உதைக்கும். கம்பி வேலி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டால் தசைநாண் வரை அறுக்கும். பெட்டைப் பட்டிக்கும் ஆண் பட்டிக்கும் நடுவே இரட்டை வேலி, இடையில் 3 மீட்டர். இரண்டும் கழுத்தை எட்டி நீட்டினாலும் மூக்கு முட்டக்கூடாது. அகலமான மின்பட்டை கண்ணுக்குத் தெரியும், கம்பியைவிடப் பாதுகாப்பு. மருந்து ஓடும்போதும் இந்த இடைவெளியை எடுத்துவிடாதீர்கள். விடுபட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இதுதான் காப்பீடு.

லாயத்துக்குள் பெட்டைக்கும் ஆணுக்கும் நடுவே ஒரு காலி அறை, அல்லது எதிலும் ஆர்வமில்லாத ஒரு கிழட்டுக் குதிரை. தடுப்புச் சுவர் பெட்டையின் உதை உயரம்வரை திறப்பில்லாமல் இருக்கட்டும், மேலே கம்பி போதும். உதைக்கும் பக்கம் ரப்பர் விரிப்பு அடித்தால் கணுக்கால் மூட்டு வீக்கம் குறையும். கூட்டமாக மேயவிடும் இடத்தில் பின் லாடங்களைக் கழற்றிவிடலாம். ஒரே பெட்டையை இரண்டு காயடித்த குதிரைகளோடு விடுவதுதான் மிக மோசமான சேர்க்கை. அதுவரை நண்பர்களாக இருந்தவை பெட்டைக்காகச் சண்டை போட்டுக்கொள்ளும். மாறாக, நீண்ட நாளாகச் சேர்ந்து வாழும் ஒரு பெட்டையும் ஒரு காயடித்ததும் பருவ நாட்களை முணுமுணுப்போடு கடத்திவிடுவது சாதாரணம். அவற்றைப் பருவத்தன்று திடீரென்று பிரித்தால், நாள் முழுக்கக் கனைத்து வேலியோரம் ஓடி, இருந்த சிக்கலைவிடப் பெரிதாக ஒன்று கிளம்பும். பிரிப்பதென்றால் ஆண்டு முழுக்கப் பிரியுங்கள்.

சின்ன விஷயங்களில் பலன் அதிகம். பருவத்துப் பெட்டையின் பின்தொடையில் சிறுநீரும் கோழையும் காய்ந்து ஒட்டும். தோல் வெந்து ஈ மொய்க்கும், அந்த வாசனையே காயடித்த குதிரைக்கு அழைப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு லேசாக வாசலின். பிறப்புறுப்புக்குள் சோப்பு போகக்கூடாது. ஈரமான படுக்கை வைக்கோலைத் தினமும் அள்ளுங்கள். பெட்டை நின்ற அறையில் ஆணை மாற்றிக் கட்டும்போது முழுவதும் அள்ளுங்கள். ஆண் குதிரையின் குறியை மூடும் தோலுறையில் அழுக்கு திரண்டு கட்டியாகியிருந்தால் அந்த உறுத்தலையும் நாம் ஆசை என்று தப்பாகப் படித்துவிடுகிறோம், அதையும் பாருங்கள். மூக்கோரம் தைலம் தடவி வாசனையை மறைக்கும் வழக்கம் ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஆகும். கற்பூரம் கலந்த தைலம் போட்டி நாளில் வேண்டாம்.

சவாரியில் பெட்டைக்குப் பின்னால் குறைந்தது ஒரு குதிரை நீளம். உதைக்கும் பெட்டையின் வாலில் மற்றவர்களுக்கு எச்சரிக்கையாகச் சிவப்பு நாடா. நின்று பேசும்போது பெட்டையின் புட்டம் ஆணின் பக்கம் திரும்பாமல், இரண்டும் ஒரே திசை பார்த்து நிற்கும்படி வையுங்கள். வண்டியில் ஏற்றும்போது காயடித்த குதிரை முன்னால், பெட்டை பின்னால். மாற்றி ஏற்றினால் வழி முழுக்கப் பெட்டையின் வாசனை ஆணின் மூக்குக்கே போகும், இறங்கும்போது அது எந்த மனநிலையில் இருக்கும் என்று கயிற்றைப் பிடிப்பவருக்குத் தெரியும்.